இருபது புள்ளி ஒன்பது

மணி இரண்டு ஐம்பத்தைந்து. பகல்.

சிரிக்காதீர்கள். பகலில் என்ன பேய் என்று குண்டன் இப்போதே வாயைத் திறக்கிறான். பேய் என்ன, வாட்ச் கட்டிக்கொண்டா வருகிறது? கேட்பதானால் கேளுங்கள், இல்லையென்றால் போய்க் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிற அந்த டெஸ்ட் பெஞ்சைக் காவல் காத்துக்கொண்டு உட்காருங்கள். எப்படியும் விடியும்வரை அது ஓடியாக வேண்டும், யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. செக்யூரிட்டி அண்ணே, நீங்களும் உட்காருங்கள். கேட்டை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

நம் நெட்டையன் இருந்தானே, போன வருஷம் வேலையை விட்டுப் போனவன்… அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. நெட்டையன் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பகல் இரண்டு ஐம்பத்தைந்துக்கு அத்தான் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார். ஊர் முடிந்த பிறகு வருகிற சாலை. இரண்டு பக்கமும் தொழிற்சாலை மதில்கள், அவ்வளவுதான். விடுமுறை நாள். ஒரு லாரி இல்லை. ஒரு நாய் இல்லை. வெயில் மட்டும் இருக்கிறது. சாலை நேராகப் போய், முடிகிற இடத்தில் ஒரு கான்கிரீட் கட்டடம்… ஊர்க் கழிவுநீர் எல்லாம் ஒரு பெரிய கிணற்றில் வந்து விழுந்து, அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றி அனுப்புகிற பம்ப் ஹவுஸ். அத்தானின் முதுகுப் பையில் ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ஒரு புது போர்டு. பைக் சத்தம் மதிலில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு வண்டி வருகிற மாதிரியே இருந்ததாம். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அவருக்குப் பயமாக இல்லை. வெட்கமாக இருந்தது. பதினோரு மாதமாக அந்தச் சாலையில் கால் வைக்காமல் இருக்க உலகத்தில் என்னென்ன சாக்கு உண்டோ அத்தனையும் சொல்லிப் பார்த்துவிட்டார். காய்ச்சல், கல்யாணம், மாமனாருக்கு ஆஸ்பத்திரி… மாமனார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். வழக்கமாகப் போகிற ஆள் லீவு போட்டுவிட்டான், அன்றைக்குச் சொல்ல வேறு சாக்கும் கிடைக்கவில்லை.

எதற்கு வெட்கம் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அத்தானும் நம்மைப் போல டிரைவர் எழுதுகிறவர். சம்பந்தம் பேசும்போது நெட்டையனின் பெரியம்மா, மாப்பிள்ளை லாரியா பஸ்ஸா என்று கேட்டாளாம். செக்யூரிட்டி அண்ணனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது வேறு, அண்ணே. ஒரு போர்டில் சின்னதாக ஒரு சிப் இருக்கும், அதுதான் மூளை. பக்கத்தில் ஒரு சென்சார், அது மூக்கு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக இரண்டு கம்பி. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மூளை கேட்கும், மூக்கு பதில் சொல்லும். இந்தக் கேள்வியையும் பதிலையும் ஒழுங்காக நடத்தி வைக்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். நல்ல காற்றில் பதில் இருபது புள்ளி ஒன்பது. பத்தொன்பதரைக்குக் கீழே போனால் கருவி கத்த வேண்டும். கிணற்றுக்குள் இறங்குகிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வதற்காக அத்தானின் கம்பெனி செய்த கருவி அது. சிவப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. சில நேரம் மூளை கேட்கும், மூக்கு பதில் சொல்லாது. அப்போது திரையில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு வரும். வாங்குகிறவர்கள் பார்க்க வருவதற்கு நான்கு நாள்தான் இருந்தது. மேனேஜர் வந்து அத்தானின் மேசை விளிம்பில் உட்கார்ந்து, கோடு தெரியக் கூடாது, எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூக்கு ஏன் பேசாமல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரமாவது வேண்டும். அத்தான் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். நான்காம் நாள் நான்கே வரி எழுதினார். மூன்று தடவை கேள். பதில் வரவில்லையா… போன தடவை சொன்ன பதிலையே காட்டு.

அந்த நான்கு வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினார். 'இப்போதைக்கு. பிறகு சரி செய்ய வேண்டும்.'

ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? இந்த அறையில் செக்யூரிட்டி அண்ணனைத் தவிர அந்தக் குறிப்பை எழுதாத கை எது?

கோடு மறைந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். கருவி நூற்றுக்கணக்கில் போனது. அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலையும் வந்தது. நான்கு வரி அப்படியே கிடந்தது.

அந்தக் கருவி போன இடங்களில் ஒன்று இந்தப் பம்ப் ஹவுஸ். அங்கே ஆபரேட்டராக இருந்தவரை எல்லோரும் பம்பு அண்ணன் என்றுதான் சொல்வார்கள். ஐம்பது வயது இருக்கும். அவருக்கு ஒரு பழக்கம். கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் கருவியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் மூன்று தடவை ஊதுவார். ஃபூ… ஃபூ… ஃபூ… நாம் வெளியே விடுகிற மூச்சில் ஆக்சிஜன் குறைச்சல், பதினேழு சொச்சம்தான் இருக்கும். எண் மளமளவென்று இறங்கும், கருவி கத்தும், பிறகு மெல்ல ஏறி இருபது புள்ளி ஒன்பதுக்கு வந்து நிற்கும். வந்து நின்ற பிறகுதான் ஏணியில் கால் வைப்பார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அத்தானின் ஆபீஸில் அத்தனை பேர் சேர்ந்து எழுதிய இருபது பக்க டெஸ்ட் பட்டியலில் அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது.

ஒருநாள் பம்பு அண்ணன், கருவி வந்த பெட்டியில் போட்டிருந்த கம்பெனி நம்பருக்கு போன் செய்தார். அவர்கள் அதை அத்தானின் மேசைக்குத் திருப்பிவிட்டார்கள்.

"தம்பி, மோட்டார் ஓடுறப்போ சில நேரம் ஊதினா நம்பர் இறங்க மாட்டேங்குது. அப்படியே நிக்குது."

அத்தானுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மோட்டார் கிளப்புகிற மின் இரைச்சலில் மூக்கு வாயடைத்துப் போகிறது. அவருடைய நான்கு வரி பழைய பதிலையே காட்டிக்கொண்டிருக்கிறது. கருவியைத் தொடாதீர்கள், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை கருவியும் திரும்பி வரும். எவன் எழுதியது என்று கேட்பார்கள். கை தட்டின அதே ஆட்கள் கேட்பார்கள். வாய் தானாகப் பேசியது.

"அண்ணே, இனிமே ஊதாதீங்க. ஈரம் பட்டா சென்சார் கெட்டுடும். நீங்க ஊதறதாலதான் அப்படி நிக்குது."



"அப்படியா தம்பி… தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க. இனிமே ஊத மாட்டேன்."

மன்னிப்புக் கேட்டார், மனுஷன். விலை உயர்ந்த சாமானைக் கெடுத்துவிட்டோமே என்று. அத்தான் பரவாயில்லை அண்ணே என்று பெருந்தன்மையாகச் சொல்லி போனை வைத்தார்.

பதினாறாம் நாள், தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற மிதவை கிணற்றுக்குள் சிக்கிக்கொண்டது. பெரிய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பம்பு அண்ணன் கருவியைப் பார்த்தார், ஊதவில்லை, இறங்கினார். ஏறவில்லை. அவரைத் தூக்கும்போது கருவி தண்ணீரில் ஊறிச் செத்துப் போயிருந்தது, அதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. விசாரித்தவர்கள், கருவி கத்தியதாக யாரும் சொல்லவில்லை, ஆகவே ஆளே அதை ஆன் செய்யாமல் இறங்கியிருக்கிறார் என்று எழுதி மூடினார்கள். மேனேஜர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, நம்ம பக்கம் ஏதாவது இருக்கா என்று கேட்டார். இல்ல சார் என்றார் அத்தான்.

அன்று மாலையே உட்கார்ந்து அந்த நான்கு வரியை அழித்தார். பதில் வராவிட்டால் கோடு காட்டு, கத்து. அவ்வளவுதான் மாற்றம். மூக்கு ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் வேண்டும். அது பேசவில்லை என்று உள்ளதைச் சொல்ல அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. என்ன மாற்றினாய் என்று எழுதுகிற இடத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதினார். இனிமேல் அனுப்புகிற ஒவ்வொரு கருவியையும் மூன்று தடவை ஊதிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதியும் சேர்த்தார். நல்ல யோசனை என்று மேனேஜர் முதுகில் தட்டினார். அத்தான் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது என்று நெட்டையனிடம் சொல்லியிருக்கிறார்.

சரி, சாலைக்கு வருவோம். பழைய கருவி எல்லாம் சர்வீஸுக்கு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சரியாகிப் போனது. ஒன்றே ஒன்று மிச்சம். பம்ப் ஹவுஸ் சுவரில், கிணற்றின் வாய்க்குப் பக்கத்தில், நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தது. அதற்குத்தான் அத்தான் போகிறார்.

கதவைத் தட்டினார். சாவிக்கொத்தோடு ஒரு அம்மா வந்து திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் துடைப்பம். உள்ளே அழுகின முட்டை நாற்றம், ஈர இரும்பு வாடை, கிணற்றுக்குள் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்… டக்… டக்… மோட்டார் ஓடவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய போட்டோ ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து. அத்தான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. குரலை மட்டும்தான் தெரியும். கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. 'இவர் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். கருவியை ஆன் செய்த பிறகே இறங்கவும்.'

"எங்க வீட்டுக்காரர் சார்," என்றார் அந்த அம்மா.

அவர் போன பிறகு பாவம் பார்த்து அங்கேயே பெருக்கிற வேலை கொடுத்தார்களாம். போட்டோவைக் கழற்றிவிடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாராம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம், எல்லாப் பம்ப் ஹவுஸிலும் இருக்கிறது, உங்களுக்காக இங்கே மட்டும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். முகத்தில் தூசி படிந்தால் மனசு கேட்கவில்லை, அதனால் தினமும் துடைத்து வைக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு, டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனார். காலுக்குக் கீழே தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று அத்தான் நின்றார். தரை பிளக்கவில்லை. வேலையைப் பார்த்தார்.

சுவரிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் சென்சாரைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயை ஒட்டினார். இதைக் கவனமாகக் கேளுங்கள். மூக்கைப் பிடுங்கி உறையில் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது மூளை மட்டும். அதில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்காக லேப்டாப்பில் கேபிளைச் செருகினார்.

திரையில் எண் ஓட ஆரம்பித்தது. விநாடிக்கு ஒன்று.

20.9
20.9
20.9

மூக்கு இல்லாமல் ஏது எண்? பழைய நான்கு வரிதான் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் நாற்றம் நின்றது. அழுகின முட்டை வாடை… பட்டென்று காணாமல் போனது. அந்த வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், நாற்றம் அடிக்கிறவரை பயப்பட மாட்டார்கள். நின்றால்தான் ஓடுவார்கள், விஷவாயு ஏறினால் முதலில் மூக்குத்தான் மரத்துப்போகும்.

19.4
17.8
17.1

மேசையில் கருவி கத்தியது. பீப்… பீப்… அத்தான் நாற்காலியோடு பின்னால் போனார். எண் மெல்ல ஏறி இருபது புள்ளி ஒன்பதில் வந்து நின்றது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. மூன்றாவது தடவையும் இறங்கி ஏறியது. பிறகு நிதானமாக நின்றது, யாரோ பார்த்துத் தலையாட்டுவதற்கு நேரம் கொடுப்பதைப் போல. அத்தான் உறையை எடுத்துப் பார்த்தார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. சென்சார் உள்ளே கிடந்தது.

கிணற்றில் தண்ணீர் மட்டம் ஏறியிருக்க வேண்டும். பெரிய மோட்டார் தானாகக் கிளம்பியது. தரை அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வலது காதுக்குப் பக்கத்தில்.

ஃபூ.

வெதுவெதுப்பான ஈரக் காற்று கன்னத்தில் பட்டது. திரையைப் பார்த்தார். இருபது புள்ளி ஒன்பது.

ஃபூ…

இருபது புள்ளி ஒன்பது. அசையவில்லை. ஃபூ… ஃபூ… இன்னும் பலமாக. காற்று அவருடைய காது மடலைத் தள்ளியது. எண் நகரவில்லை. ஃபூ, ஃபூ, ஃபூ… இப்போது இடைவெளியே இல்லை, ஊதுவதா இழுப்பதா என்று தெரியாத மாதிரி, நெஞ்சு அடைத்த ஒரு ஆள் கடைசி மூச்சுக்குத் திணறுகிற மாதிரி… எண் மட்டும் திரையில் வரிசையாக, ஒரே மாதிரி, அழகாக ஓடிக்கொண்டே இருந்தது. 20.9. 20.9. 20.9. அவர் நான்கே வரியில் எழுதிய அழகு. கருவி கத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பக்கத்தில் சத்தம் நின்றுபோனது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் கேபிளைப் பிடுங்கினார், பிடுங்கின வேகத்தில் மேசையிலிருந்த ஸ்குரூ எல்லாம் கீழே கொட்டியது.

"பொறுக்க வேணாம் சார், நான் பெருக்கி எடுத்துக் குடுக்கிறேன்." அந்த அம்மா டீயோடு வாசலில் நின்றார். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க படிச்சவங்க, தெரியும். அவர் மறக்கிற ஆள் இல்ல. முன்னாடியெல்லாம் ஊதிப் பாத்துட்டுத்தான் இறங்குவார். கம்பெனியில ஒரு தம்பி ஊத வேணாம்னு சொல்லிச்சாம். அந்தத் தம்பி ரொம்ப நல்லாப் பேசுச்சு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அதையும் விட்டுட்டார்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "நெசமாவே அவர் இதை ஆன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பாரா சார்?"

இப்போது சொல்லுங்கள். காதில் இன்னும் அந்த ஈரம் காயவில்லை. நாமாக இருந்தால் அங்கேயே அந்த அம்மா காலில் விழுந்திருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி நினைத்துக்கொள்வது சுலபம். அத்தான் சொன்னார்:

"ஆமாம்மா. ஆன்ல இருந்திருந்தா பொழச்சிருப்பார்."

அந்த அம்மா தலையாட்டினார். அப்போ அவர் மேலதான் தப்பு என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, குனிந்து ஸ்குரூவைப் பொறுக்க ஆரம்பித்தார். அத்தான் புது போர்டை மாட்டினார். டீயைக் குடித்தார். முழு டம்ளரையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். இந்தக் கதையை நெட்டையனிடம் சொல்லும்போது மற்ற எல்லா இடத்தையும் கண் கலங்காமல் சொன்ன மனுஷன், அந்த டீயைக் குடித்து முடித்த இடத்தில்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம்.

மறுநாள் ஆபீஸ். ஒரு பெட்டி கருவி வெளியே போக வேண்டும். அவர் போட்ட விதிப்படி அவரே ஊதிப் பார்க்க வேண்டும். முதல் கருவியை எடுத்து மூன்று தடவை ஊதினார்.

இருபது புள்ளி ஒன்பது.

பழைய பதிப்பு கலந்துவிட்டதா என்று பார்த்தார். இல்லை. புதுசு, மோட்டாரும் பக்கத்தில் இல்லை. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்தது. ஆறு கருவி. நன்றாக நெஞ்சு நிறைய இழுத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை ஊதினார். ஒன்றும் அசையவில்லை. பக்கத்து மேசையில் சால்டரிங் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார். அவள் ஒரே ஒரு தடவை ஊதினாள். பதினேழு புள்ளி மூன்று, கருவி அலறியது. ஆறும் அலறின. சார் ஊதறதெல்லாம் ஊதறதே இல்லை என்று அவள் சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு கருவியைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்கா ஊதினாள், பதினேழு. ஆறு வயது மகள் எச்சில் தெறிக்க ஊதினாள், பதினேழு புள்ளி ஐந்து. அப்பா ஊதினால் மட்டும் இருபது புள்ளி ஒன்பது. மகளுக்கு அது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது, அப்பா மறுபடி, அப்பா மறுபடி என்று குதித்தாள்.

டாக்டரிடம் போனார். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். குதிரை மாதிரி இருக்கிறீர்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் அத்தான் மறுபடி அந்தச் சாலையில் போனார். தானாகவே போனார், யாரும் அனுப்பவில்லை. அந்த அம்மா முன்னால் நின்று, அந்தத் தம்பி நான்தான் என்று ஆரம்பித்து நான்கு வரி, போன், இல்ல சார், சிறு திருத்தம், போன வாரம் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். டிரைவர், சென்சார் எல்லாம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அவர் ஆன் பண்ணித்தான் இறங்கினாரா?"

"ஆமாம்மா. ஆன்லதான் இருந்துச்சு."

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துச் சுவர் ஓரம் போட்டு ஏறினார். சாவியின் முனையால் ஆணியை நெம்பினார். அத்தான் உதவப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான்கு ஆணியும் வந்த பிறகு போட்டோவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கி, நீங்க போங்க சார் என்றார். திட்டவில்லை. சபிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் என்று அத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. நடந்ததை எல்லாம் அவரே எழுதிக் கொடுத்தார். வேலை போனது. விசாரணையை மறுபடி திறந்தார்கள், பம்பு அண்ணன் மேல் தவறு இல்லை என்று தாள் வந்தது, எல்லாப் பம்ப் ஹவுஸிலும் போட்டோவைக் கழற்றினார்கள். அத்தான் இப்போது வீட்டிலேயே மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்கிறார். சொந்தக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை, யாராவது வந்தால் உள் அறைக்குப் போய்விடுகிறார். தாள் வந்த அன்றைக்குக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஊதினார்.

இருபது புள்ளி ஒன்பது.

அதன் பிறகு ஊதவில்லை.

போன மாதம் நெட்டையன் அக்கா வீட்டில் தங்கினான். கூடத்தில் அத்தான் பாய் போட்டுப் படுத்திருந்தார், இவன் இந்தப் பக்கம். இரண்டு மணிக்கு இவனுக்கு முழிப்பு வந்தது. டிவி மேல் அந்தச் சிவப்புக் கருவி இருந்தது. சும்மா இருக்க மாட்டானே அவன். எடுத்து ஆன் செய்து, முதலில் தான் ஊதிப் பார்த்தான். பதினேழு புள்ளி இரண்டு. கத்தாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டான். பிறகு மெல்லத் தவழ்ந்து போய் அத்தானின் மூக்குக்குக் கீழே பிடித்தான். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறியது… இறங்கியது… ஏறியது… இறங்கியது. பத்து நிமிஷம் பிடித்திருந்தானாம். எண் ஒரு புள்ளி அசையவில்லை.

கருவியைக் கீழே வைத்துவிட்டு விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டான். அதை அத்தானின் மூக்குக்கு நேராக வைத்தான். ஈர விரலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று நன்றாகத் தெரியும், இல்லையா?

நெஞ்சு ஏறும்போது காற்று உள்ளே போனது. நெஞ்சு இறங்கும்போதும்… உள்ளேதான் போனது.